விதியில் இல்லாததையும் செய்து பார்க்கலாம்: ஆர்பிஜி மேசைக்கு ஓர் அறிமுகம்

ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம், அதாவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) என்ற பெயரைப் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது மொபைலிலோ கம்ப்யூட்டரிலோதான். வாளும் கவசமுமாக ஒரு வீரன், தலைக்கு மேலே உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு, எதிரியை அடிக்க அடிக்க ஏறும் லெவல். இந்த லெவல், உயிர்ப் புள்ளி, அனுபவப் புள்ளி எதுவுமே கம்ப்யூட்டர்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் சில இளைஞர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பென்சிலும் பகடையுமாக ஆடிய ஒரு விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை. அந்த மூல விளையாட்டு மறையவில்லை. இன்று அதை டேபிள்டாப் ஆர்பிஜி என்கிறார்கள்.

புதிதாகப் பார்ப்பவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பிடிபடாது. நாலைந்து பேர் மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நடுநடுவே யாரோ பகடை உருட்டுகிறார்கள், உடனே எல்லோரும் கத்துகிறார்கள். பலகை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியில் "யார் ஜெயிச்சது?" என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலான ஆர்பிஜிகளில் ஜெயிப்பது என்று தனியாக எதுவும் கிடையாது.

ஏற்பாடு சிக்கலானதில்லை. ஒருவரைத் தவிர மற்றவர்கள் கதையில் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பாத்திரத்தின் பலம், திறமை, கையிலிருக்கும் பொருள் எல்லாம் கேரக்டர் ஷீட் என்ற ஒரு தாளில் இருக்கும். மிச்சமிருக்கும் அந்த ஒருவர் கேம் மாஸ்டர். உலகம் முழுவதும் அவர் பொறுப்பு: மழை, மதில், காவலாளி, சந்தையில் மீன் விற்பவர், மலைக்குகையில் தூங்கும் டிராகன். அவர் நிலைமையைச் சொல்வார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை. ஒரு மேசையில் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

கேம் மாஸ்டர்: "கோட்டை வாசலுக்கு வந்துட்டீங்க. கதவு உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருக்கு. மேல ரெண்டு காவல்காரங்க. மழை கொட்டுது. என்ன செய்யறீங்க?"

திருடியாக ஆடுபவர்: "மதில் எவ்வளவு உயரம்?"

"முப்பது அடி. பாசி புடிச்சிருக்கு."

"ஏறலாம், ஆனா வழுக்கும். டேய், உன் மந்திரத்துல ஏதாவது தேறுமா?"

மந்திரவாதியாக ஆடுபவர்: "வெளிச்சம் மட்டும்தான் வரவைக்க முடியும். அதை வெச்சு என்ன பண்றது? இரு, இரு. அந்தக் காவல்காரங்க எவ்வளவு நேரமா மழையில நிக்கிறாங்க?"

கேம் மாஸ்டர் கொஞ்சம் யோசிக்கிறார். "காலையிலேர்ந்து. இன்னும் ஆள் மாத்தலை."

"அப்ப நாங்கதான் ஆள் மாத்த வந்தவங்க. 'எறங்கி வாங்கய்யா, போய்ச் சூடா ஏதாவது குடிங்க'ன்னு கீழேர்ந்து கத்தறேன்."

"அவங்களுக்கு நம்பணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா உங்ககிட்ட சீருடை இல்லை. மழையும் இருட்டும் இருக்கறதால தப்பிச்சீங்க. பதினஞ்சு வேணும். உருட்டு."

"எட்டு. பேச்சுத் திறமைக்கு நாலு கூட்டினா பன்னெண்டு. போச்சு."

"ஒருத்தன் எறங்கி வந்து கதவைத் திறக்கறான். இன்னொருத்தன் அதுக்குள்ள தலைவரை எழுப்ப உள்ள ஓடிட்டான்."

இதில் கவனிக்க வேண்டியது காவலாளிகள் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்ற கேள்விதான். அந்த நொடிவரை அதற்குப் பதிலே கிடையாது. கேம் மாஸ்டரின் குறிப்புத் தாளில் அது எழுதியிருக்கவில்லை. ஒருவர் கேட்டார், இன்னொருவர் அந்த இடத்திலேயே தீர்மானித்தார், தீர்மானித்த கணத்திலிருந்து அது உலகத்தின் உண்மையாகிவிட்டது. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒரு திட்டமும் பிறந்துவிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டில் இப்படி ஏமாற்ற வேண்டுமானால், அதை எழுதியவர் இந்த யோசனையை முன்கூட்டியே நினைத்து அதற்கு வழி வைத்திருக்க வேண்டும். செஸ்ஸில் எதிராளியின் குதிரைக்கு லஞ்சம் கொடுக்க முடியாது. இங்கே கொடுத்துப் பார்க்கலாம். வாங்குமா என்பது வேறு விஷயம்.

டிராகனும் இருபது பக்கப் பகடையும் இந்த விளையாட்டின் அடையாளமாகிவிட்டன. ஆனால் இதை மற்ற எல்லா விளையாட்டிலிருந்தும் பிரிப்பது மேசையில் நடுவராக இருக்கும் அந்த கேம் மாஸ்டர்தான் என்பது என் கட்சி. விதியில் எழுதாத ஒன்றை ஆட்டக்காரர் சொன்னாலும் அதைக் காதுகொடுத்துக் கேட்டுத் தீர்ப்பு சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வாயிற்காவலனாக நிற்பான், தூதனாக ஓடுவான், வருகிற ராஜாவையே "யாரய்யா நீர்?" என்று கேட்டுக் கதையை நகர்த்துவான். கேம் மாஸ்டர் வேலையும் அந்த ஜாதிதான், கூடவே தீர்ப்பு சொல்லும் பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது.

இந்த நடுவரின் பூர்விகம் கற்பனை உலகமே இல்லை, பழைய ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாவின் படை. 1824இல் ஃபான் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் சீர்படுத்தி விதிநூலாக வெளியிட்டார். நிஜமான நிலப்படத்தின் மேல் ஆடுவது. இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவருக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். உங்கள் படை நிற்கும் இடத்திலிருந்து எது கண்ணில் படுமோ அதை மட்டும் உங்களுக்குக் காட்டுவார். எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் பகடையையும் அட்டவணையையும் வைத்துக் கணக்கிடுவார். படைத் தலைமைக்கு இது மிகவும் பிடித்துப்போய், அதிகாரிகளின் பயிற்சிக்காகப் படைப்பிரிவுகளுக்கெல்லாம் அனுப்பியது.

அட்டவணைகள்தான் தொல்லையாயின. ஒவ்வொரு மோதலுக்கும் புத்தகத்தைப் புரட்டினால் ஆட்டம் எப்போது நகரும்? 1876இல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி ஒரு மாற்று சொன்னார்: அட்டவணையைத் தூக்கி வையுங்கள், அனுபவமுள்ள அதிகாரி நடுவராக இருந்தால் அவர் தீர்ப்பே போதும். எல்லாவற்றையும் விதியாக எழுதிவைப்பதா, ஒரு மனிதரை நம்புவதா என்ற இந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. இப்போது ஆர்பிஜிகாரர்கள் அதே சண்டையை வேறு பெயர்களில் போடுகிறார்கள்.

1960களின் இறுதியில் மினசோட்டாவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாட்டு ஆடும் ஒரு குழு இருந்தது. அதிலிருந்த டேவிட் வெஸ்லியின் கையில் 1880இல் அமெரிக்கப் படை அதிகாரி சார்ல்ஸ் டோட்டன் எழுதிய ஒரு பழைய போர்ப் பயிற்சி நூல் கிடைத்தது. விதியில் இல்லாததையும் நடுவர் தீர்த்துவைக்கலாம் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை வைத்து ஒரு சோதனை செய்தார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர், இரண்டு படைகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. படைத் தளபதிகள் மட்டுமல்லாமல் மேயர், வங்கிக்காரர் என்று ஊர்க்காரர்களின் வேடங்களையும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆசை, தனித்தனி ரகசியம்.

ஆட்டம் அவர் கையை மீறிப் போனது. ஆட்டக்காரர்கள் அவரிடம் வராமல் தங்களுக்குள்ளேயே மூலைக்கு மூலை குசுகுசுவென்று சதி செய்யத் தொடங்கினார்கள். இரண்டு பேர் வாள்சண்டைக்கே போய்விட்டார்கள். அதற்கு விதி ஏதும் கையில் இல்லாததால் வெஸ்லி அங்கேயே ஒன்றை உருவாக்கினார். போர் நடக்கவே இல்லை. எல்லாம் பாழாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அவர் முடித்தார். ஆடியவர்களோ "அடுத்தது எப்போது?" என்று கேட்டார்கள்.

அதே குழுவின் டேவ் ஆர்னசனைப் பற்றி ஆர்பிஜி வட்டாரத்தில் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பிந்தைய ஆட்டம் ஒன்றில் களம் ஒரு லத்தீன் அமெரிக்கக் குட்டிக் குடியரசு. ஆர்னசனுக்கு மாணவப் புரட்சிக்காரர் வேடம். அவர் மற்ற ஒவ்வொருவரிடமும் போய், தான் உண்மையில் சிஐஏ உளவாளி என்று நம்பவைத்தார். ஆட்டம் முடியும்போது அந்த நாட்டின் கஜானாவோடு ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டாராம். ஒரு குண்டுகூட வெடிக்காமல். மேலே பார்த்த மந்திரவாதி கோட்டை வாசலில் செய்ததும் இதே வேலைதான்.

பிறகு ஆர்னசன் 1971 வாக்கில் சொந்தமாக பிளாக்மூர் என்ற உலகத்தைத் தொடங்கினார். நெப்போலியன் போய் மாயமும் அரக்கர்களும் வந்தார்கள். கோட்டைக்கு அடியில் இருண்ட சுரங்கங்கள். முக்கியமான மாற்றம், பாத்திரங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் தொடர்ந்தார்கள். போன வாரம் சம்பாதித்த பொன்னும் அனுபவமும் இந்த வாரமும் கையில் இருக்கும். இப்படி ஒட்டுறவு வந்துவிட்டதால் ஒரே வெட்டில் செத்துப்போவதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்னசன் தான் முன்பு எழுதியிருந்த கப்பல் போர் விதிகளிலிருந்து, ஒரு கப்பல் எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கை எடுத்து மனிதர்களுக்குப் போட்டார். இன்று உங்கள் மொபைல் விளையாட்டில் இருக்கும் அந்தச் சிவப்பு உயிர்க் கோடு போர்க்கப்பலிலிருந்து வந்தது!

1972இன் பிற்பகுதியில் ஆர்னசன் விஸ்கான்சினின் லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குப் போய் கேரி கைகாக்ஸிடம் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, வீட்டில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். அதற்கு முந்தைய வருடம் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து இடைக்காலப் போர் விளையாட்டு விதிநூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். ஆர்னசனின் சிதறிய குறிப்புகளை விதிகளாக எழுதி ஒழுங்குபடுத்தியது அவர்தான். பதிப்பாளர் யாரும் முன்வராததால், 1973இல் நண்பர் டான் கேயுடன் சேர்ந்து டிஎஸ்ஆர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1974 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், 1000 பிரதிகள். பெட்டிகளைக் கையாலேயே அடுக்கினார்கள். இதில் யார் பெயர், யாருக்கு எவ்வளவு ராயல்டி என்று பிற்பாடு இருவருக்கும் வழக்கே நடந்தது. ஆட்டத்தை வாயால் நடத்திய ஆர்னசனும் அதை எழுத்தில் பிடித்த கைகாக்ஸும் இல்லாமல் அது வெளியே வந்திருக்காது என்பதே நியாயம்.

அந்த மூன்று புத்தகங்களை இன்று படித்தால் தலை சுற்றும். பாதி விஷயங்கள் சொல்லாமல் விடப்பட்டிருக்கும். ஆனால் அதுவும் ஒரு வகையில் நல்லதாகத்தான் முடிந்தது. உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படித் தீர்மானித்துக்கொள்ளுங்கள், உங்கள் கற்பனை வேலையையும் நாங்களே ஏன் செய்ய வேண்டும் என்கிற பொருளில்தான் கடைசிப் புத்தகம் முடிகிறது. ஊருக்கு ஊர் ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். கொஞ்ச வருடத்திலேயே கைகாக்ஸ் தட்டைத் திருப்பிப் போட்டார். 1977 முதல் 1979 வரை வந்த அடுத்த வடிவத்தில், எல்லோரும் ஒரே மாதிரி ஆட வேண்டும், விதியை மாற்றினால் அது இந்த விளையாட்டே இல்லை என்ற தொனி ஏறிவிட்டது. பிரஷ்யாவில் நடந்த அதே இழுபறி, இந்த முறை ஒரே மனிதருக்குள்.

1980களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் இழுத்துப் போகிறது என்று பெரிய பீதி கிளம்பியது. 1983இல் அதற்கு எதிராக ஒரு இயக்கமே தொடங்கினார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் நிற்கவில்லை, விற்பனையும் குறையவில்லை. டிஎஸ்ஆர் பின்னால் வேறு காரணங்களால் நொடித்து, 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற விளையாட்டு நிறுவனம் அதை வாங்கியது. 1999இல் விசர்ட்ஸை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் வாங்கியது. இந்த வணிகக் கதையில் புதியவருக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: 2023 ஜனவரியில் உரிம விதிகளை இறுக்கப் பார்த்த நிறுவனம், ஆட்டக்காரர்களின் கோபத்துக்குப் பணிந்து, டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டது. ஆக, காசே கொடுக்காமல், சட்டப்படியே இறக்கிப் படிக்கலாம்.

சரி, பகடைக்கு வருவோம். நடுவரே எல்லாம் தீர்மானிப்பார் என்றால் பகடை எதற்கு? அவருக்கும் கதை எங்கே போகும் என்று தெரியாமல் இருக்கத்தான். மேசையில் யாருக்கும் அடுத்தது என்ன என்று முழுதாகத் தெரியாத அந்த நிலைமைதான் மூன்று மணி நேரம் உட்காரவைக்கிறது.

டி அண்ட் டியில் இருபது பக்கப் பகடைதான் ராஜா. ஒவ்வொரு எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு. உருட்டிய எண்ணோடு பாத்திரத்தின் திறமையைக் கூட்டி, நடுவர் சொன்ன இலக்கை எட்டினால் வெற்றி. கூட்டல் 5, இலக்கு 15 என்றால் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 55 சதவீதம். ஐந்தாம் பதிப்பு இங்கே ஒரு எளிய தந்திரம் வைத்திருக்கிறது. சூழ்நிலை உங்களுக்குச் சாதகம் என்று நடுவர் நினைத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அதே 55 சதவீதம் ஏறக்குறைய 80 ஆகிவிடும். இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வாளை உருவுவதற்கு முன் "மழை பெய்யுதா? அவன் தூக்கக் கலக்கத்துல இருக்கானா?" என்று நச்சரிக்கிறார்கள். கேள்வி கேட்பதுதான் அவர்களுடைய ஆயுதம்.

இருபது பக்கப் பகடையின் குறை, எதுவும் நடக்கலாம் என்பது. ஒன்றும் இருபதும் ஒரே அளவு சாத்தியம். கை தேர்ந்த வில்லாளி வண்டிச் சக்கரத்தின் மேல் விடுவான், முதல் முறை வில் பிடித்தவன் குறி தவறாமல் அடிப்பான். சிரிப்பு வரும், சிலருக்கு எரிச்சலும் வரும். சாதாரண ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால் குணம் மாறிவிடும். நடுவிலுள்ள எண்கள் அடிக்கடி வரும், ஓரங்கள் அரிது. 2010இல் வின்சென்ட் பேக்கரும் மெக்கி பேக்கரும் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் இதைப் பிடித்துக்கொண்டது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நடுவர் கை ஓங்கும். கூட்டல் எதுவும் இல்லாவிட்டால் முழு வெற்றிக்கு 17 சதவீதம்தான், விலை கொடுத்த வெற்றிக்கு ஏறக்குறைய 42. அதாவது பெரும்பாலான வெற்றிகள் ஏதோ ஒரு புதிய சிக்கலைக் கூடவே இழுத்துவரும். கோட்டை வாசலில் கேம் மாஸ்டர் கதவைத் திறந்தும் விட்டு, தலைவரை எழுப்ப ஒருவனை ஓடவும் விட்டாரே, அதை இந்த விளையாட்டு விதியாகவே எழுதிவைத்துவிட்டது. எனக்கு இதுதான் பிடித்த ஏற்பாடு. "தப்பாப் போச்சு, ஒண்ணும் நடக்கலை" என்று ஆட்டம் முட்டி நிற்கும் இடமே இதில் வராது.

டிராகனில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. 1977இல் வந்த டிராவலர் விண்வெளி வணிகர்களின் விளையாட்டு. அதில் பாத்திரத்தின் கடந்தகால வேலையைப் பகடை போட்டே உருவாக்க வேண்டும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்த வேலையில் அவர் செத்துப்போகவும் கூடும். 1981இல் வந்த கால் ஆஃப் கத்துலு துப்பறியும் திகில் கதை. அதில் வருபவர்கள் பேராசிரியர், நிருபர் போன்ற சாதாரண மனிதர்கள். உயிரோடு மன உறுதியும் ஒரு எண்ணாக இருக்கும், பார்க்கக் கூடாததைப் பார்த்தால் அது குறையும். சண்டை போட்டால் தோற்பீர்கள், ஓடத் தெரிய வேண்டும். திறமை 40 என்றால் நூற்றில் 40 வாய்ப்பு என்று கணக்கும் நேரடியானது. ஜப்பானில் டி அண்ட் டியை விட இதற்குத்தான் மவுசு. ஜெர்மனிக்காரர்கள் 1984இலேயே தங்கள் மொழியில் சொந்தமாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு, பல வருடங்கள் அதைத்தான் முதலிடத்தில் வைத்திருந்தார்கள்.

நடுவரே தேவையில்லை என்று சொல்லும் விளையாட்டுகளும் வந்துவிட்டன. 2009இல் ஜேசன் மார்னிங்ஸ்டார் உருவாக்கிய ஃபியாஸ்கோவில் எல்லோரும் சமம். பேராசையும் அரைகுறைத் திட்டமும் உள்ள நாலு பேர் எப்படி ஒருவரை ஒருவர் கவிழ்க்கிறார்கள் என்பதைச் சேர்ந்தே சொல்லிப் போவார்கள். ஒவ்வொரு காட்சியையும் ஒருவர் தொடங்கிவைத்தால் எப்படி முடிய வேண்டும் என்று மற்றவர்கள் தீர்மானிப்பார்கள், அல்லது மற்றவர்கள் தொடங்க அவர் முடிப்பார். இங்கே நடுவர் காணாமல் போகவில்லை, அந்த வேலையைத் துண்டு துண்டாக எல்லோர் மடியிலும் வைத்துவிட்டார்கள். அபோகலிப்ஸ் வேர்ல்ட் நடுவரை வைத்துக்கொள்கிறது, ஆனால் அவர் எப்போது என்ன செய்யலாம் என்று அவருக்கே விதி போட்டுக் கட்டிவிடுகிறது. நம்பிக்கையா எழுத்தா என்ற பழைய கேள்விக்கு இவையெல்லாம் வெவ்வேறு விடைகள்.

ஒரு மனிதரை நம்பி ஆடும் விளையாட்டு என்பதால், அந்த மனிதர் சரியில்லை என்றால் ஆட்டமும் சரியில்லை. கேம் மாஸ்டர்கள் செய்யும் பொதுவான கெடுதல், தான் எழுதிவைத்த கதையை விட்டு நகர மறுப்பது. நீங்கள் எந்தக் கதவைத் திறந்தாலும் அவர் நினைத்த அறைக்கே போய்ச் சேர்வீர்கள். இதற்கு ரயில்ரோடிங் என்று பெயர். அப்படியானால் நாவலே படித்துவிட்டுப் போகலாமே? எதிர்ப்பக்கக் கெடுதலும் உண்டு. ஓர் ஆட்டக்காரர் "என் பாத்திரம் அப்படித்தான்" என்று சொல்லி நண்பர்களிடமே திருடுவார், அவர்களையே குத்துவார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து எந்த மாதிரிக் கதை, எவ்வளவு ரத்தம், எதெல்லாம் வேண்டாம் என்று பேசிக்கொள்வதை செஷன் ஜீரோ என்கிறார்கள். குழந்தைகளுக்குக் கொடுமை, பாலியல் வன்முறை போன்றவற்றை அங்கேயே விலக்கிவைத்துவிடலாம். சில மேசைகளில் நடுவே எக்ஸ் போட்ட ஓர் அட்டை இருக்கும். யாராவது அதைத் தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் வேலை, டி அண்ட் டியின் மூன்று தடிப் புத்தகங்களுக்கு விலை பார்ப்பது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 டாலர், ஆட்டக்காரருக்கானது மட்டுமே முந்நூறு பக்கத்துக்கு மேல். அதைப் பார்த்துவிட்டுப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். என் யோசனை, அந்தப் பக்கமே முதலில் போகாதீர்கள். ஒரே பக்கத்தில் முழு விதியும் அடங்கும் விளையாட்டுகள் உண்டு. ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் இலவசம். விண்கலக் கதை, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 2 முதல் 5 வரை ஒரே ஒரு எண். அறிவால் செய்யும் காரியத்துக்கு அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், உணர்ச்சியால் செய்வதற்கு மேலே. விதி விளக்கப் பத்து நிமிடம் போதும். கிராண்ட் ஹோவிட்டின் ஹனி ஹைஸ்டில் எல்லோரும் கரடிகள், தேன் மாநாட்டில் தேனைத் திருட வேண்டும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கிறதா? அதுதான் நல்லது. கரடி வேடத்தில் யாரும் "நான் சரியாக நடிக்கிறேனா?" என்று கூச்சப்பட மாட்டார்கள்.

புதியவர்களின் பெரிய பயமே அந்த நடிப்புதான். குரல் மாற்ற வேண்டுமா, வசனம் பேச வேண்டுமா? வேண்டியதில்லை. "நான் காவலாளியிடம் பணிவாகப் பேசி உள்ளே விடச் சொல்கிறேன்" என்று சொன்னாலே போதும். 2015 முதல் தொழில்முறைக் குரல் நடிகர்கள் ஆடும் டி அண்ட் டி நிகழ்ச்சிகள் இணையத்தில் பெரும் புகழ் பெற்று, நிறையப் பேரை உள்ளே இழுத்துவந்தன. கூடவே, அப்படிப் பேசினால்தான் ஆட்டம் என்ற தவறான எண்ணத்தையும் கொண்டுவந்தன. வீட்டு மேசையில் பெரும்பாலும் யாரும் அப்படி ஆடுவதில்லை. மொழியும் தடையில்லை. விதிநூல்கள் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். அதை ஒருவர் படித்தால் போதும், மற்றபடி ஆட்டம் முழுக்கப் பேச்சு, அது நீங்கள் நண்பர்களோடு பேசும் தமிழிலேயே நடக்கும்.

முதல்முறை கேம் மாஸ்டராக உட்காருபவர் முழுக்கதை எழுதிக்கொண்டு வரக்கூடாது. ஓர் இடம், அங்கே ஏதோ ஒன்றை விரும்பும் இரண்டு மூன்று பேர், அவர்கள் ஆசைகள் மோதிக்கொள்ளும் ஒரு காரணம். இவ்வளவு எழுதினால் போதும். வெஸ்லி பிரவுன்ஸ்டைனுக்கு எடுத்துப்போனதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆட்டக்காரர்கள் மூன்று பேர் இருந்தால் வசதி, ஐந்தைத் தாண்டினால் ஒவ்வொருவரும் தன் முறைக்காகக் கொட்டாவி விட நேரும். பகடை இல்லையென்றால் தாயக்கட்டையைத் தேட வேண்டாம், மொபைலில் இலவசமாகவே பகடை உருட்டும் செயலிகள் இருக்கின்றன. யாராவது விதியில் இல்லாத எதையாவது கேட்டால் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். நடக்கக்கூடியதுதான் என்றால் சரி என்று சொல்லுங்கள், சந்தேகம் என்றால் பகடை. புத்தகத்தில் சரியான விடையை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊரில் சேர்ந்து ஆட ஆள் கிடைக்கவில்லை என்றால் டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில் குழு பிடித்து, ரோல்20 போன்ற தளத்தில் பகடை உருட்டி ஆடலாம். உலகம் முழுக்க நிறையப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள். அதுவும் தோதுப்படவில்லை என்றால் ஷான் டாம்கின் 2018இல் வெளியிட்ட அயர்ன்ஸ்வார்ன் இருக்கிறது. அடிப்படைப் புத்தகம் இலவசம், தனியாக ஆடுவதற்கும் வழி செய்தது. கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று நீங்களே கேட்பீர்கள், வாய்ப்பு அதிகமா குறைவா என்று நீங்களே சொல்வீர்கள், அப்புறம் நூறு பக்கப் பகடை ஆம் இல்லை என்று பதில் தரும். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும், பத்துப் பக்கப் பகடைகள் இரண்டும், ஆறு பக்கப் பகடை ஒன்றும் வேண்டும். நூறு பக்கம் என்பது அந்த இரண்டு பத்துப் பக்கப் பகடைகளைச் சேர்த்து உருட்டுவதுதான்.